பச்சைக் கம்பி

கழகத்தின் இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணே, உங்க மாணவர் கால நினைவுகள எழுதுங்க. ஜூனியர்களுக்குப் பயனா இருக்கும்" என்றார். சரியென்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்து யோசித்தால், மாணவர் காலம் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது நம் பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் அல்ல. விடிய விடிய தோரணம் கட்டிப் பொங்கல் விழா நடத்திய விடுதியும் அல்ல. பேராக் மாநிலத்துச் சமூகக் கல்லூரி ஒன்றின் பட்டறையும், அங்கே வரிசையாக நின்ற பலகைத் தடுப்புகளும், வெட்டிய கம்பித் துண்டுகளின் பிளாஸ்டிக் வாடையும்தான்.

என்னோடு இங்கே படித்த நண்பர்களுக்கே இது புதுச் செய்தியாக இருக்கலாம். மின்பொறியியல் முதலாமாண்டில் நான் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தேழு. "எங்கிருந்து வந்தீங்க?" என்று கேட்டவர்களிடம் "பாலிடெக்னிக்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் பாலிடெக்னிக்கிற்கு முன்னால் நான்காண்டு வேலையும், அதற்கும் முன்னால் 'கோலேஜ் கொமுனிட்டி' மின் தொழில்நுட்பச் சான்றிதழும் இருந்தன. அவற்றை நான் சொன்னதே இல்லை. இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் கழகத்தின் தன்முனைப்பு முகாம்களுக்கு நானும் வழிகாட்டியாகப் போயிருக்கிறேன். தோட்டப்புறப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன், பல்கலைக்கழகம் என்று பலகையில் ஏணி வரைந்து காட்டியிருக்கிறேன். நான் ஏறி வந்த ஏணியை மட்டும் வரைந்து காட்டியதில்லை!

என் கதையைத் தொடங்க வேண்டுமானால் என் தாய்மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிறந்த தோட்டத்தில் மின்சாரம் என்பது இஞ்சின் கொட்டகையிலிருந்து வருவது. மாலை ஏழு மணிக்கு இஞ்சின் ஓடத் தொடங்கும். பத்து மணிக்கு நிற்கும். விடியற்காலை பெரட்டுக்கு முன் மறுபடியும் கொஞ்ச நேரம். அந்த இஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் மாமா. பத்து மணிக்கு அணைப்பதற்குச் சற்று முன் ஒருமுறை விளக்குகளை மினுக்கிக் காட்டுவார். பாய் விரிக்காதவர்கள் விரித்துக்கொள்ளலாம். படம் பார்ப்பவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். தோட்டமே அவரைக் 'கரண்டு மாமா' என்றுதான் அழைத்தது. நான் மூன்றாம் ஆண்டு படிக்கையில் லயத்து வீடுகளுக்கு வெளி மின்சாரம் வந்தது. லெம்பாகா லெட்ரிக் நெகாரா 1990-இலேயே தெனாகா நேஷனல் ஆகிவிட்டது. எங்கள் அப்பா மட்டும் இன்று வரைக்கும் 'எல்.எல்.என். பில்' என்றுதான் சொல்வார்.

வெளி மின்சாரம் வந்ததும் இஞ்சினுக்கு வேலை போயிற்று. மாமாவுக்கு வேலை கூடிற்று. வீட்டுக்கு இரண்டு விளக்கும் ஒரு பிளக்கும் போதுமா? பெட்டி டீவி வந்தது, குளிர்பெட்டி வந்தது, சாமி மேடைக்குச் சீரியல் லைட்டு வந்தது. மாமா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கம்பி இழுத்துக் கொடுப்பார். ஒரு பாயிண்டுக்கு ஐந்து வெள்ளி. நான் பின்னால் கிளிப்பு டின்னைத் தூக்கிக்கொண்டு போவேன். பல்லால் கம்பியின் தோலை உரிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். (தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) அவர் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். யாரிடமும் தொழில் பழகியவர் அல்லர். இஞ்சினைப் பிரித்துப் பிரித்துத் தானே கற்றுக்கொண்டவர்.

2003-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். எழுதினேன். முடிவு வந்தது. தமிழிலும் மலாயிலும் நன்றாகச் செய்திருந்தேன். கணிதம் தப்பித்தது. கூடுதல் கணிதமும் இயற்பியலும் தப்பவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. அப்பா பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார். அம்மா தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கலாமா என்றார். மாமா இரண்டு நாள் கழித்து ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். பட்டணத்தில் யாரோ கொடுத்தது. அவருக்கு அதை முழுதாகப் படிக்கத் தெரியாது. "இதுல 'எலெக்ட்ரிக்'னு போட்டிருக்கு. கவர்மெண்டு காலேஜு. பாரு" என்று என் மடியில் வைத்தார்.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001-ஆம் ஆண்டில்தான் தொடங்கின. 2004-இல் எங்கள் ஊரில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. 'கோலேஜ்' என்பதால் கல்லூரி. 'கொமுனிட்டி' என்பதால் ஏதோ சமூக மண்டபத்தில் நடக்கும் தையல் வகுப்பு என்று நினைத்தவர்கள்கூட உண்டு. ஒரு கல்யாண வீட்டில் அத்தை முறையான ஒருவர், "தம்பி என்னா பண்றான்?" என்று கேட்டதற்கு அம்மா கண் இமைக்காமல் "இஞ்சினியரிங் படிக்கிறான்" என்றார். நான் பக்கத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது பதின்மூன்று ஆண்டு கழித்து உண்மையாயிற்று. அன்றைக்கு அது அப்பட்டமான பொய்!

வகுப்பில் இருபத்து நான்கு பேர். தமிழர்கள் ஐந்து பேர். பாடம் முழுக்க மலாயில். முதல் வாரத்திலேயே விரிவுரையாளர் மூன்று கம்பிகளை மேசையில் போட்டு அறிமுகப்படுத்தினார். சிவப்பு, உயிருள்ள கம்பி. கறுப்பு, நியூட்ரல். பச்சை, 'வாயர் பூமி'. நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கம்பி நம் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறது! மலாய்மொழியின் 'பூமி'யும் நம் பூமியும் வடமொழியிலிருந்து வந்த ஒரே சொல்தான். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. "நம்ம கம்பிடா" என்று பின்னால் இருந்தவன் முணுமுணுத்தான். அதிலிருந்து பட்டறையில் பச்சைக் கம்பிக்கு எங்களுக்குள் 'நம்ம கம்பி' என்றே பெயர்.

பட்டறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பலகைத் தடுப்பு. அதுதான் நம் வீடு. அதில் விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இழுக்க வேண்டும். மாமாவிடம் கிளிப்பு டின் தூக்கியவன் என்ற கர்வத்தில் நான் முதல் ஆளாக முடித்துவிட்டு நின்றேன். விரிவுரையாளர் வந்தார். நெகிரி செம்பிலான்காரர், அதிகம் பேச மாட்டார். கிளிப்புகளைக் கண்ணால் ஒருமுறை அளந்தார். கம்பியின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. என் வீடு முழுவதும் தரைக்கு வந்துவிட்டது! "அழகாக இல்லை என்பதற்காக அல்ல. நாளைக்கு இன்னொருவன் வந்து இதைப் பார்த்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அவன் உயிர் இதில் இருக்கிறது" என்றார். நான் மறுபடியும் முதலிலிருந்து அடித்தேன். மூன்று முறை.

அவர் ஓயாமல் சொன்ன ஒரே வாக்கியம் 'மாத்திக்கான் டுலு'. முதலில் அணை. அணைத்தால் மட்டும் போதாது. டெஸ்ட் பென்னை எடுத்து மின்சாரம் இருக்கிறதென்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். எரிகிறதா? அப்புறம் நாம் வேலை செய்யப்போகும் இடத்தில் வைக்க வேண்டும். எரியவில்லையா? மறுபடியும் பழைய இடத்தில் வைத்து, இடையில் டெஸ்ட் பென் செத்துப்போகவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் கையை வைக்கலாம். மாமா இருபது ஆண்டுகளாக ஒரே ஒருமுறைதான் வைத்துப் பார்த்து வந்தார். டெஸ்ட் பென்னின் அந்தச் சின்ன விளக்கு எரிவதே நம் உடம்பு வழியாகப் போகும் துளி மின்னோட்டத்தால்தான். நாம் தடித்த ரப்பர் காலணியோடு மர ஏணியில் நின்றால் அது மங்கிப் பொய் சொல்லும். இதெல்லாம் அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலைத்துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். வீட்டில் பியூஸ் இருக்கிறதே, கரண்டு அடித்தால் பியூஸ் போய்விடும், நாம் பிழைத்துக்கொள்வோம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக்கையும் ஈரக்காலுமாக நிற்கும் ஒருவரின் உடல் மின்தடையை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 240 வோல்ட்டில் அவர் வழியே போவது ஆம்பியரில் கால் பங்கு. (இப்போது நாட்டின் மின்னழுத்தம் 230 என்று 2008 முதல் குறிக்கப்படுகிறது, நான் படித்தபோது 240.) பதின்மூன்று ஆம்பியர் பியூசுக்கு அது கொசுக்கடி. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஒருவரின் மூச்சையும் இதயத்தையும் தடுமாற வைக்கப் போதும். பியூஸ் காப்பது கம்பியை, ஆளை அல்ல. ஆளைக் காப்பதற்குத்தான் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று பச்சைக் கம்பி. சாமானின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது நம்மைத் தேடி வராமல் மண்ணுக்குப் போக வழி. மற்றது நாம் எல்லாரும் 'இ.எல்.சி.பி.' என்று அழைக்கும் அந்தச் சுவிட்சு. போன மின்னோட்டம் அவ்வளவும் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால் கண நேரத்தில் விழும். 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் சாதனங்களுக்கு 30, குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு 10 என்று படிப்படியாகக் கூர்மையாக இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் நடந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் எனக்கு மாமா வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நினைவுக்கு வந்துவிட்டது.

தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, நாங்கள் எல்லாரும் பக்கத்துத் தாமானில் மலிவு விலை வீடுகளுக்கு வந்திருந்தோம். மாமா தம் வீட்டின் பின்பக்கத்தைத் தாமே நீட்டிக் கட்டினார். கம்பியும் தாமே இழுத்தார். அங்கே வைத்த இயந்திரத்தைத் தொட்டால் "கை கூசுது" என்று அத்தை எப்போதும் சொல்வார். ரப்பர் சிலிப்பரைப் போட்டுக்கொண்டுதான் துவைப்பார். இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்தது என்று மாமா அதைச் சுற்றிக் கம்பி போட்டுத் தாண்டிவிட்டிருந்தார். அதைச் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

2005-ஆம் ஆண்டு பருவ விடுமுறையில் நாற்பத்தைந்து வெள்ளி கொடுத்து ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். "காலேஜில படிச்சத உங்க வீட்டில செஞ்சு பாக்கணும் மாமா" என்றேன். அவருக்கு ஒரே பெருமை. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. மெயினை அணைத்தேன். மூன்று முறை டெஸ்ட் பென் வைத்தேன். மாமா சிரித்தார். பின்கட்டுப் பிளக்கிலிருந்து பச்சைக் கம்பி எங்கே போகிறது என்று தேடினேன். சுவரில் ஓர் ஓட்டை வழியாக வெளியே போயிற்று. வெளியே போய்ப் பார்த்தேன்.

அவ்வளவு நேர்த்தியாக ஒரு இணைப்பை நான் பட்டறையில்கூடப் பார்த்ததில்லை. செம்பு நூல்களைப் பளபளவென்று சுரண்டி, மூன்று சுற்றுச் சுற்றி, கிளாம்பு போட்டு இறுக்கி, மழைத்தண்ணீர் படாமல் மேலே டேப் ஒட்டி… தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயில்!

மாமா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எப்படி? எர்த்து பக்காவா இருக்கா?" என்றார்.

என்ன சொல்வது? எனக்குத் தொழிலைக் காட்டிக்கொடுத்தவர். என்னை அந்தக் கல்லூரிக்கு அனுப்பியவர். தோட்டத்தில் குழாய்கள் எல்லாம் இரும்பு, மண்ணுக்குள் ஓடியவை. அந்தக் காலத்தில் குழாயில் கட்டியதும் ஒரு வழக்கம்தான். அவர் கற்றது அந்த ஊருக்குச் சரியாக இருந்தது. ஊர் மாறியபோது குழாயும் மாறிவிட்டது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"மாமா, இது பிளாஸ்டிக் பைப்பு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் குழாயைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். வாசல் படியில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். அது முடியும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, கிளாம்பைத் தம் கையாலேயே கழற்றினார். உள்ளே போய் இயந்திரத்தின் பிளக்கை உருவினார். அத்தை விஷயத்தைக் கேட்டதும், "இத்தன வருசமா எமனோட துணி தோச்சேனா? பாவி மனுசா!" என்று போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

நான் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்றிரவு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய பள்ளி நோட்டு. "இந்தத் தாமான்ல இதே மாதிரி இன்னும் பதினோரு வீட்டுல கட்டியிருக்கேன்டா" என்றார். வீட்டு எண்களை வரிசையாக எழுதியிருந்தார்.

அடுத்த நான்கு மாலைகளும் நாங்கள் அந்தப் பதினோரு வீட்டுக்கும் போனோம். எனக்கு உரிமம் கிடையாது. எதையும் நான் திருத்தக் கூடாது. பார்ப்பதும் சொல்வதும்தான் என் வேலை. ஆனால் பேசியது மாமாதான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் உங்க வீட்டுல தப்பா கட்டிட்டேன். லைசன்ஸ் உள்ள ஆளக் கூட்டிட்டு வந்து மாத்திக்குங்க" என்றார். சிலர் சிரித்து மழுப்பினார்கள். ஒருவர், "அப்போ அஞ்சு வெள்ளிய திருப்பிக் குடு" என்றார். மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் விரிவுரையாளருக்குத் தெரிந்த உரிமம் பெற்ற மின்கம்பியாளர் ஒருவர் வந்து மாமா வீட்டில் முறையாக மண்ணில் தண்டு அடித்து, இ.எல்.சி.பி.யை மீட்டு, பின்கட்டுக் கம்பியையும் மாற்றிக்கொடுத்தார். இ.எல்.சி.பி. அத்தனை நாளும் ஏன் விழுந்தது? இயந்திரத்தின் மோட்டாருக்குள் ஈரம் கசிந்திருந்தது. பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக்காரர்கள் மாற்றிக்கொண்டார்கள். மற்ற நான்கு வீடுகளை மாமா தீபாவளிக்குத் தீபாவளி பலகாரத்தோடு போய் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கம்பி இழுக்கவில்லை.

கல்லூரி முடித்து ஒரு குத்தகையாளரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். 2008-இல் எரிசக்தி ஆணையத்தின் ஒற்றைக்கட்ட மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. எங்கள் தாமானில் அந்தச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அந்தச் சட்டத்துக்கு விலை உண்டு என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு வீட்டுக்கு மின் இணைப்பு கொடுப்பதற்கு முன் இரண்டு சான்றுகள் வேண்டும். ஒன்று, மேற்பார்வை செய்து முடித்தேன் என்ற 'போரங் ஜி'. இரண்டாவது, சோதித்துப் பார்த்தேன் என்ற 'போரங் எச்'. தகுதி பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். 2009-இல் நான் வேலை செய்த குத்தகையாளர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு பாரங்களை நீட்டினார். வேறோர் இடத்தில் வேறோர் ஆட்கள் கம்பி இழுத்த நான்கு வரிசை வீடுகள். நான் அந்தத் தெருவுக்குக்கூடப் போனதில்லை. "எல்லாம் பழைய ஆளுங்க செஞ்சது. ஒண்ணும் இருக்காது. வீட்டுக்கு அம்பது வெள்ளி" என்றார். மேசையில் நான்கு ஐம்பது வெள்ளி நோட்டுகள்.

நண்பர்களே, நான் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டுரையை எழுதத் தயங்கியதற்கு உண்மையான காரணம் இதுதான். பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தவன், பதினோரு வாசலில் நின்றவன், நான்கு முறை பேனாவை ஓட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதி, அந்த இருநூறு வெள்ளி. சான்றிதழை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கும் ஆட்களும் உண்டு; அவர்களைவிட நான் பரவாயில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை இரவு மாமா வீட்டுக்குப் போனேன். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த வீட்டுக்கெல்லாம் கரண்டு குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, பாரம் இன்னும் ஆபீசில்தான் இருக்கும் என்றேன். "மெக்கர் உங்கிட்ட இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "காலையில ஆறரைக்கு வா. ஏணி நான் எடுத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை. கட்டுமானத் தளத்தில் ஜாகாவைத் தவிர யாரும் இல்லை. மெக்கர் என்பது கம்பியின் தோல் சரியாக இருக்கிறதா என்று 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி. வீட்டுக்கு மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. முதல் வீட்டில் ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தோம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல மாமா அதே பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, அவருடைய பெரிய பெரிய எழுத்துகளில். முதல் வீடு நன்றாக இருந்தது. இரண்டாவது வீடும். எனக்கு மூச்சு வந்தது. பழைய ஆட்கள் செய்தது, ஒன்றும் இருக்காது என்று அவர் சொன்னது சரிதான் போலும்! மூன்றாவது வீட்டில் பின்பக்க விளக்குக்குச் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் போட்டிருந்தார்கள். அணைத்தால் விளக்கு அணையும்; ஆனால் விளக்குக்குள் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றுகிறவன் மாட்டிக்கொள்வான். குறித்துக்கொண்டோம்.

நான்காவது வீட்டுக்குப் போகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மாமாவுக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைச் சூட்டில் வியர்வை கொட்டியது. "நீங்க உக்காருங்க மாமா" என்றால் கேட்கவில்லை. குளியலறையில் சுடுநீர்க் கருவிக்காக விட்டிருந்த இடத்தில் பச்சைக் கம்பியின் தொடர்ச்சியைப் பார்த்தேன். மீட்டர் அசையவில்லை. நுனியைச் சுரண்டி மறுபடியும் வைத்தேன். அசையவில்லை. மாமா ஏணியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் மெயின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் மூடியைக் கழற்றினேன். அவர் டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த நான்கு பாரத்தையும் நான் திரும்பக் கேட்டு வாங்கிய கதை நீளமானது. நல்ல கதையும் அல்ல. குத்தகையாளர் கத்தினார்; பிறகு ஆள் அனுப்பிச் சரிசெய்தார்; நான் மறுபடி போய்ப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். இருநூறு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் வேலை போயிற்று. அந்த ஆறு மாத வேலையில்லாக் காலத்தில்தான் பாலிடெக்னிக்கிற்கு விண்ணப்பித்தேன். சமூகக் கல்லூரிச் சான்றிதழை வைத்து டிப்ளோமாவுக்குப் போகலாம், டிப்ளோமாவை வைத்து இங்கே வரலாம் என்பது அதுவரைக்கும் எனக்கே சரியாகத் தெரியாது. இப்போது நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. முப்பத்தாறு பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. அடுத்த முகாமில் ஏணி வரைகிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டு வரையுங்கள். வரையத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெட்டிக்குள் கறுப்புக் கம்பிகள் எல்லாம் ஒழுங்காக நின்றன. சிவப்பும் அப்படியே. குளியலறையிலிருந்து வந்த பச்சைக் கம்பியை மட்டும் யாரோ அவசரத்தில் குட்டையாக வெட்டி, எட்டவில்லை என்று பின்பக்கம் மடித்துச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். எதிலும் கட்டவில்லை. நான் சாமணத்தால் அதை வெளியே இழுத்துக் காட்டினேன்.

மாமா டார்ச்லைட்டைக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"நானாச்சும் பைப்புல கட்டினேன்டா" என்றார்.

நோட்டை எடுத்து, நான்காம் வீட்டுக்கு நேரே அதை எழுதிக்கொண்டார்.